மேலேயிருந்து மாஸ்க் விழுந்தால்: விமானத்துக்குள் இருக்கும் காற்றமுக்கத்தின் கதை

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் பெரியம்மா அண்மையில்தான் முதன்முதலாக விமானம் ஏறினார். தோஹாவில் இருக்கும் மகளிடம் போய், நாலு வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னர் யாரோ அவருக்கு விமானப் பாதுகாப்பு வீடியோ ஒன்றைப் போனில் காட்டிவிட்டார்கள். உடனே எனக்கு அழைப்பு.

"ஏன் மனே, மேலேயிருந்து மாஸ்க் விழுந்தா முதல்ல நமக்குப் போடட்டாம், மறுகாதான் புள்ளைக்காம். இதென்ன புத்தி? எந்தத் தாய் அப்பிடிச் செய்வா?"

நான் வளைகுடாவில் ஏழு வருடம் விமானப் பராமரிப்பு ஹேங்கரில் வேலை செய்தவன். விமானி அல்ல. ஆசனங்களுக்கு மேலே இருக்கும் அந்த மாஸ்க் பெட்டிகளைத் திறந்து பார்த்து மூடுவதும் என் வேலையில் ஒரு பகுதி. அதனால் எங்கள் குடும்பத்தில் விமானம் பற்றி எது கேட்பதென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பெரியம்மாவுக்குப் போனில் அவசரமாகச் சொல்லி முடியாமல் போனதை இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் காற்றைப் பற்றி. கல்லடிக் கடற்கரையில் நிற்கும்போது நம் தலைக்கு மேலே பல கிலோமீற்றர் உயரத்துக்குக் காற்று அடுக்கி நிற்கிறது. அதற்கும் பாரம் உண்டு. ஒவ்வொரு சதுர சென்றிமீற்றரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ பாரம் நம்மை அமுக்கிக்கொண்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து அப்படியே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. மேலே போகப் போக, தலைக்கு மேல் மிஞ்சும் காற்றுக் குறையும், அமுக்கமும் குறையும். 18,000 அடியில் அது பாதியாகிவிடும். தோஹாவுக்குப் போகும் விமானம் பறக்கும் 35,000 அடி உயரத்தில் கால்வாசிகூட இல்லை. வெளியே குளிர், பூச்சியத்துக்குக் கீழே 54 பாகை அளவில்.

"மேலே போனால் ஒட்சிசன் குறையும்" என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைப் பலர் கொஞ்சம் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். காற்றில் ஒட்சிசனின் பங்கு எவ்வளவு மேலே போனாலும் அதே 21 வீதம்தான். குறைவது காற்றே. வாவியில் வீச்சுவலை வீசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு உருப்படி பட்டால் அதில் இருபது இறால். இன்னோர் இடத்தில் வீசினால் மொத்தமே இருபது உருப்படி, அதில் நாலு இறால். ஐந்தில் ஒன்று என்ற கணக்கு மாறவில்லை. ஆனால் நாலு இறாலை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குக் கறி வைக்க முடியுமா? 35,000 அடியில் நுரையீரல் மூச்சு இழுக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், மூச்சு முட்டுவது போலக்கூடப் பெரிதாகத் தெரியாது. வலையில் படுவதுதான் நாலு இறால்.

இந்த அமுக்க மாற்றத்தை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். அம்பாறையிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ் பதினெட்டு வளைவில் ஏறும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் "டொப்" என்று திறக்கும். நுவரெலியாவுக்கு ஊரிலிருந்து கொண்டுபோன மிக்சர் பக்கற் அங்கே போய்ப் பார்த்தால் பலூன் மாதிரி ஊதி நிற்கும். பக்கற்றுக்குள் இருப்பது நம் ஊர்க் காற்று. மலையில் வெளி அமுக்கம் குறைவு, அதனால் உள்ளே இருப்பது விரிகிறது. விமானத்தின் கதையும் அடிப்படையில் அந்த மிக்சர் பக்கற்றின் கதைதான், உறை மட்டும் அலுமினியம்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. விமானம் அடைத்து மூடிய பக்கற் அல்ல. ஓட்டை உள்ள ரயருக்கு விடாமல் பம்ப் அடித்துக்கொண்டே இருப்பது போன்றது. இதை விளங்க உன்னிச்சைக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் குளத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அதை யாராலும் நிறுத்த முடியாது. நீர்மட்டத்தைப் பிடித்து வைத்திருப்பது வான்கதவு. கொஞ்சம் திறந்தால் மட்டம் இறங்கும், மூடினால் ஏறும். விமானத்திலும் இதே ஏற்பாடுதான். ஜெட் இஞ்சின் முன்னாலிருந்து காற்றை இழுத்து, எரிபொருள் சேர்ப்பதற்கு முன்பாக நன்றாக நெருக்கும். அந்த நெருக்கிய காற்றில் ஒரு பங்கைத் தட்டி எடுத்துப் பயணிகள் இருக்கும் கபினுக்கு அனுப்புகிறார்கள். எடுக்கும்போது அது 200 பாகைக்கு மேல் கொதிக்கும். விமானத்தின் வயிற்றுப் பகுதியில் இருக்கும் குளிரூட்டும் பொறிகள் அதை ஆறவைத்து உள்ளே விடுகின்றன. உள்ளே வந்த காற்று வெளியேறப் பின்பக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது. பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவில், கணினி திறந்து மூடும் கதவு. அதுதான் விமானத்தின் வான்கதவு. (வான் என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் குளத்து நீர் வழியும் வாயிலும் உண்டு, ஆகாயமும் உண்டு, கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வாடகைக்குப் பிடிக்கும் வாகனமும் உண்டு. இந்தக் கட்டுரையில் மூன்றும் வருகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.) போயிங் 787 இல் மட்டும் இஞ்சின் காற்றை எடுப்பதில்லை, மின்சாரத்தில் ஓடும் தனிக் கம்பிரசர்கள். வான்கதவு அதிலும் உண்டு.

விமானி பார்க்கும் மானியில் கபினுக்குள் இருக்கும் அமுக்கம் "கபின் உயரம்" என்ற கணக்கில் காட்டப்படும். உள்ளே இருக்கும் காற்று எந்த மலை உயரத்துக் காற்றுக்குச் சமம் என்பதே அதன் பொருள். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் கபின் உயரம் 8,000 அடியைத் தாண்டக்கூடாது என்பது விதி. 787, ஏ350 போன்ற புதியவற்றில் 6,000 அடி அளவில் வைத்திருப்பார்கள். நம் நாட்டுக் கணக்கில் சொன்னால், புதிய விமானத்தில் நீங்கள் நுவரெலியாப் பட்டணத்தில் இருக்கிறீர்கள், பழையதில் பீதுருதாலகால மலையுச்சிக்குக் கிட்ட. இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்டும், கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த ஒக்சிமீற்றரை விமானத்தில் விரலில் மாட்டிப் பார்த்தால், சுகதேகியான ஒருவருக்கே 90 க்கும் 93 க்கும் இடையில் காட்டக்கூடும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நுரையீரல் வருத்தம், இருதய வருத்தம் உள்ளவர்கள் பயணத்துக்கு முன் டொக்டரிடம் ஒரு சொல் கேட்பது நல்லது.

ஏன் கடல் மட்ட அமுக்கத்தையே உள்ளே வைக்கக்கூடாது என்று கேட்கலாம். உடம்பு தாங்காது, நம் உடம்பு அல்ல, விமானத்தின் உடம்பு. சாதாரணப் பறப்பிலேயே உள்ளிருந்து வெளியே தள்ளும் விசை ஒரு சதுர மீற்றருக்கு ஐந்து தொன்னுக்கு மேல். ஆளுயரக் கதவு ஒன்றின் மேல் பத்துத் தொன்னை நெருங்கும் பாரம், நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று சாய்ந்து நிற்பது போல. பெரும்பாலான விமானக் கதவுகள் போத்தலுக்குத் தக்கை மாதிரி உள்ளிருந்து பொருந்துபவை, திறப்பதற்கு முதலில் உள்பக்கம் இழுக்கவேண்டும். அதனால் நடுவானில் யாராவது புத்தி பேதலித்துக் கதவைத் திறக்கப் போனாலும் நடக்காது. தரைக்குக் கிட்ட வந்தபின் உள்ளும் வெளியும் ஏறக்குறையச் சமம், அப்போது திறக்கலாம். 2023 மே மாதம் தென்கொரியாவில் ஒரு பயணி அப்படித் திறந்தே விட்டார், தரையிறங்கச் சில நூறு அடி இருக்கையில்.

இந்த ஊதலும் சுருங்கலும் ஒவ்வொரு பறப்பிலும் நடக்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் முறியும் அல்லவா? உலகின் முதல் பயணிகள் ஜெட் விமானமான கொமெட், 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு முறை நடுவானில் சிதறியதற்கு அதுதான் காரணம். இங்கிலாந்தில் ஒரு கொமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, தண்ணீரை ஏற்றி இறக்கி 1,800 க்கும் மேற்பட்ட பறப்புகளைப் போலச் செய்து பார்த்தபோது வெடிப்பு ஓடிக் கிழிந்தது. அன்றிலிருந்து ஒரு விமானம் எத்தனை மணித்தியாலம் பறந்தது என்பதோடு, எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதையும் எண்ணுகிறோம். 1988 ஏப்ரல் 28 இல் ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா எயார்லைன்ஸின் 737 ஒன்றின் கூரை 24,000 அடியில் பிய்ந்து போனது. குறுந்தூரம் என்பதால் ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்கிய விமானம் அது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். வெட்டவெளியில் பெல்ட் கட்டி உட்கார்ந்திருந்த பயணிகள் அத்தனை பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

கூரையே போன விமானம் இறங்கியிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கதையைக் கேளுங்கள். இதில் விமானத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

2005 ஓகஸ்ட் 14. சைப்பிரஸிலிருந்து ஏதென்ஸுக்குப் புறப்பட்ட ஹீலியோஸ் எயார்வேஸ் 522. போயிங் 737-300. அதற்கு முந்திய பறப்பில் பின்கதவுப் பக்கம் ஏதோ சத்தம் என்று சொல்லியிருந்ததால், அதிகாலையில் தரையில் வைத்துக் காற்றுக் கசிவைச் சோதித்தார்கள். சோதனைக்காக அமுக்கக் கட்டுப்பாட்டுச் சுவிச்சைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்குத் திருப்பினார்கள். முடிந்தபின் திருப்பி வைக்கவில்லை. விமானிகள் புறப்படும் முன்னும் பின்னும் பார்க்கும் பட்டியல்களில் அந்தச் சுவிச்சும் உண்டு. அவர்கள் கண்ணிலும் படவில்லை. வான்கதவு கொஞ்சம் திறந்தபடியே விமானம் மேலேறியது. குளம் நிரம்பவில்லை.

12,000 அடி தாண்டும்போது அலாரம் அடித்தது. அந்த மாதிரி 737 இல் ஒரே சத்தம் இரண்டு விடயங்களுக்கு அடிக்கும். தரையில் அடித்தால் "புறப்பட விமானம் தயாராக இல்லை", வானில் அடித்தால் "கபின் அமுக்கம் குறைகிறது". விமானிகள் அதை முதலாவதாக எடுத்துக்கொண்டார்கள். வானில் அந்த எச்சரிக்கை வர வழியே இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அந்த நேரம் பிடிபடவில்லை. தரையில் இருந்த பொறியியலாளரோடு ரேடியோவில் குளிரூட்டும் கருவிகள் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர் அமுக்கச் சுவிச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார். கப்டன் அதற்குப் பதில் சொல்லாமல் வேறொன்றைக் கேட்டார். பிறகு ரேடியோவில் குரலே இல்லை. பின்னால் பயணிகளுக்கு மாஸ்க் விழுந்தது. விமானம் ஓட்டோபைலட்டில் 34,000 அடிக்கு ஏறி, தானாகவே ஏதென்ஸுக்குப் போய், வானில் வட்டமிட்டது. துணைக்குப் போன கிரேக்கப் போர் விமானங்கள் எட்டிப் பார்த்தபோது கப்டனின் ஆசனம் வெறுமை, துணை விமானி சரிந்து கிடந்தார். எரிபொருள் தீர்ந்து மலையில் விழுந்தது. 121 பேரும் போனார்கள். பின்னர் 737 களில் அந்த இரண்டு எச்சரிக்கைக்கும் வேறு வேறு விளக்குகள் பொருத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஹேங்கரில் எங்களுக்கு இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், சுவிச்சைத் திருப்பி வைக்க மறக்காதே என்பதற்காக. ஆனால் எனக்கு உறைத்தது வேறு. அந்த இரண்டு பேருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் மாஸ்க் இருந்தது. அனுபவம் இருந்தது. நிமிடக்கணக்கில் நேரமும் இருந்தது. இல்லாமல் போனது, தங்களுக்கு ஏதோ நடக்கிறது என்பதை உணரும் புத்தி.

ஒட்சிசன் குறைந்தால் உடம்பில் முதலில் அடிபடுவது மூளை. மூளையிலும் முதலில் போவது கணக்குப் பார்த்து நிதானிக்கும் பகுதி. கண் இருட்டாவது, கைகால் உதறுவது எல்லாம் பிறகுதான். இடையில் பலருக்கு ஒரு சந்தோசம்கூட வரும், கள்ளுக் குடித்தவனுக்கு வருவது போல. விமானிகளைப் பயிற்சிக்காக ஓர் அறைக்குள் இருத்தி, காற்றை உறிஞ்சி எடுத்து, 100 இலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுதச் சொல்வார்கள். 93, 86, 79 வரை ஒழுங்காக வரும். பிறகு கையெழுத்துச் சாயும். ஒரே எண்ணைத் திரும்ப எழுதுவார்கள். கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார்கள். மாஸ்க்கைப் போட்டுவிட்டபின் தாங்கள் எழுதியதைத் தாங்களே பார்த்து நம்பமாட்டார்கள்.

மயங்கி விழ எடுக்கும் நேரம் வேறு, புத்தியோடு ஒரு காரியம் செய்யக்கூடிய நேரம் வேறு. இரண்டாவதுதான் முக்கியம். 25,000 அடியில் அது மூன்று முதல் ஐந்து நிமிடம். 30,000 இல் ஒன்று முதல் இரண்டு. 35,000 அடியில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். 40,000 இல் 15, 20 செக்கன்தான். காற்று திடீரென்று போனால் இந்தக் கணக்கும் பாதியாகிவிடும்.

சரி, இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். அரை நிமிடம் கையில் இருக்கிறது. பேத்தி பயத்தில் அழுது தலையை ஆட்டுகிறாள், மாஸ்க்கைத் தட்டிவிடுகிறாள், றப்பர் பட்டி முடியில் சிக்குகிறது. அவளுக்குப் போட்டு முடிப்பதற்குள் பெரியம்மாவின் கை என்ன செய்கிறது என்பது பெரியம்மாவுக்கே தெரியாமல் போய்விடும். பிறகு நாலு வயதுப் பிள்ளை பெரியம்மாவுக்கு மாஸ்க் போடுமா? பெரியம்மா முதலில் போட்டுக்கொண்டால், அதற்கு எடுப்பது ஐந்து செக்கன். இடையில் பிள்ளை மயங்கினாலும், மாஸ்க் ஏறிய சில செக்கனில் கண் விழிக்கும். புத்தி தெளிவாக இருக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால்தான் பிள்ளைக்குக் காவல்.

விமானிகளுக்கும் இதே விதிதான், இன்னும் கண்டிப்பாக. அலாரம் அடித்தால் யோசிப்பதற்கு முன் கை மாஸ்க்குக்குப் போகவேண்டும். அவர்களுடைய மாஸ்க் ஆசனத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். சிவப்புப் பிடிகள் இரண்டையும் ஒரே கையால் நெரித்து இழுத்தால் பட்டிகள் காற்றால் ஊதி விரியும். தலையில் கவிழ்த்து விட்டதும் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். ஐந்து செக்கனுக்குள் முடியவேண்டும். உள்ளே மைக் உண்டு, பேச்சு குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். முதலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். அடுத்தது வான்கதவு. தானியங்கி சரியாக வேலை செய்யவில்லை என்றால் கைமுறைக்கு மாற்றி மூடிப் பார்ப்பார்கள். சில வேளை அதோடு அமுக்கம் திரும்பிவிடும், கதை முடிந்துவிடும். திரும்பவில்லை என்றால் ஒரே வழி: ஓட்டையோடு மல்லுக்கட்டாமல், காற்று இருக்கும் இடத்துக்கு இறங்குவது.

அந்த இடம் 10,000 அடி. அங்கே மாஸ்க் இல்லாமலே மூச்சு விடலாம். இஞ்சின் விசையை முழுதாகக் குறைத்து, இறக்கையின் மேல் தட்டுகளை நிமிர்த்தி, மூக்கைத் தாழ்த்தி இறங்குவார்கள். விமானத்தின் உடலில் சேதம் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் வேகத்தைக் கூட்டமாட்டார்கள். வான்வழிப் பாதையின் நடுவில் கீழே வேறு விமானங்கள் இருக்கக்கூடும், அதனால் பாதையிலிருந்து விலகுவார்கள். விமானத்தைத் தரை ரேடாருக்கு அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பொண்டரில் 7700 என்ற அவசர எண்ணைப் போட்டு, "மேடே" என்று தரைக்கு அறிவிப்பார்கள். நிமிடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் அடி என்று கீழே வரும். உள்ளே இருப்பவர்களுக்கு விமானம் விழுகிறது என்றுதான் தோன்றும். இஞ்சின் சத்தம் அடங்கி, நிமிர்த்திய தட்டுகளில் காற்று மோதி உடல் அதிரும். அது விழுவதில்லை. ஐந்து நிமிடம் முன்பின், நிமிர்ந்து நேராகப் பறக்கத் தொடங்கும்.

எங்கள் ஆட்கள் வளைகுடாவுக்குப் போகும் வழி பெரும்பாலும் கடல், எங்கே வேண்டுமானாலும் 10,000 அடிக்கு இறங்கலாம். இமயமலைக்கு மேலே போகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. கீழே மலை 20,000 அடிக்கு மேல் நிற்கிறது. எந்தப் பள்ளத்தாக்கு வழியாக விலகி வெளியே வருவது என்று முன்கூட்டியே வரைந்து வைத்து, நீண்ட நேரத்துக்கு ஒட்சிசனும் கொண்டு போகவேண்டும். கடலுக்கு மேலே வேறொரு சிக்கல் உண்டு: 10,000 அடியில் எரிபொருள் அதிகம் செலவாகும். நடுக்கடலுக்கு மேலே அந்த உயரத்துக்கு இறங்க நேர்ந்தாலும் கிட்டிய விமான நிலையத்துக்குப் போய்ச்சேர எண்ணெய் போதுமா என்பதைப் புறப்படும் முன்பே கணக்குப் பார்த்துத்தான் நிரப்புகிறார்கள்.

இனி என் பழைய வேலை, ஆசனத்துக்கு மேலே இருக்கும் பெட்டி. கபின் உயரம் 14,000 அடியைத் தொடும்போது அதன் மூடி தானாகத் திறந்து மஞ்சள் மாஸ்க்குகள் தொங்கும். பெரும்பாலான விமானங்களில் அதற்குள் ஒட்சிசன் சிலிண்டர் கிடையாது. பால்மா ரின்னைவிடச் சின்னதான ஒரு உலோக உருளை இருக்கும். உள்ளே சோடியம் குளோரேற் என்ற உப்புக் கட்டி. மாஸ்க்கை உங்கள் பக்கம் இழுக்கும்போது கயிறு ஒரு ஊசியைப் பிடுங்கும், உள்ளே தீப்பொறி பட்டு உப்பு எரியத் தொடங்கும், எரிய எரிய ஒட்சிசன் வரும். அதனால்தான் "இழுங்கள்" என்று சொல்கிறார்கள். மெதுவாக எடுத்து மூக்கில் வைத்தால் எதுவும் வராது. ஒரு தடவை எரியத் தொடங்கினால் நிறுத்த முடியாது, 12 முதல் 15 நிமிடம் போகும். ஐந்து நிமிட இறக்கத்துக்கு அது தாராளம். உருளை தொடமுடியாத அளவுக்குச் சூடாகும், தூசி கருகும் மணம் வரும். நெருப்புப் பிடித்துவிட்டது என்று கத்தத் தேவையில்லை. மாஸ்க்கோடு தொங்கும் பிளாஸ்ரிக் பை ஊதாமல் இருந்தாலும் ஒட்சிசன் வந்துகொண்டுதான் இருக்கும்.

உருளையின் உடலில் செம்மஞ்சள் நிறப் பட்டி ஒன்று இருக்கும். எரிந்து முடிந்ததென்றால் சூட்டில் அது கறுத்துப்போகும். கையில் எடுத்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியை. எரியாத ஒன்றைக் கழற்றினால் ஊசிக்குப் பாதுகாப்பு மூடி போடாமல் மேசையில்கூட வைக்கமாட்டோம். 1996 மே 11 இல் அமெரிக்காவில் வலுஜெட் 592, காலாவதியான இந்த உருளைகளை மூடி போடாமல் பெட்டியில் அடைத்துச் சரக்கறையில் ஏற்றியதால் தீப்பற்றி விழுந்தது. 110 பேர். உயிர் காக்க வைத்த சாமான்.

ஒவ்வொரு வரிசையிலும் ஆசன எண்ணிக்கையைவிட ஒரு மாஸ்க் கூடுதலாக இருப்பது வழக்கம், மடியில் இருக்கும் குழந்தைக்காக. கழிவறையிலும் உண்டு. பணிப்பெண்களை அந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள். அவர்களும் கிட்ட இருக்கும் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியவர்கள். 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 1380 இல் இஞ்சின் உடைந்து ஒரு ஜன்னல் போனபோது, உள்ளே எடுத்த படங்களில் பலர் மாஸ்க்கை வாயில் மட்டும் வைத்திருந்தார்கள், மூக்கு வெளியே. கொரோனாவில் நாம் தாடையில் போட்டது போல. மூக்கும் வாயும் இரண்டும் உள்ளே இருக்கவேண்டும்.

காற்று திடீரென்று போனால் கபினுக்குள் ஒரு நொடியில் வெள்ளையாக மூடுபனி எழும். புகை அல்ல. சோடாப் போத்தலைத் திறக்கும்போது வாயில் எழும் அந்த ஆவிதான், பெரிய அளவில். மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் வெளியே விடுங்கள், நுரையீரலும் ஒரு மிக்சர் பக்கற்தான். வயிற்றில் இருக்கும் காற்றும் விரியும், அதை யாரும் தடுக்க முடியாது, கூச்சப்படவும் வேண்டாம். காதும் மூக்கும்தான் அதிகம் படும் பாடு. 2018 செப்டெம்பர் 20 இல் மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்ட ஜெட் எயார்வேஸ் விமானத்தில் இஞ்சின் காற்றைக் கபினுக்கு விடும் சுவிச்சைப் போட மறந்துவிட்டார்கள். மாஸ்க் விழுந்தது. முப்பது பேர் அளவில் மூக்கிலும் காதிலும் இரத்தத்தோடு மும்பைக்கே திரும்பி வந்தார்கள். மறுபடியும் ஒரு சுவிச்சு.

நம் ஊருக்கென்று ஒரு சங்கதியும் சொல்லவேண்டும். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்கச் சுழியோடிகள் வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு மடங்கு என்று அமுக்கம் கூடும். ஹேர்மிஸைத் தொடும்போது கரையில் இருப்பதைப் போல ஆறு மடங்கு. அந்த அமுக்கத்தில் நைதரசன் இரத்தத்தில் கரைந்துவிடும். கரையேறி உடனே விமானம் ஏறினால், நுவரெலியா அமுக்கத்துக்கே அது சோடாக் குமிழி மாதிரி மூட்டுகளிலும் நரம்புகளிலும் கிளம்பும். அவ்வளவு ஆழம் போனவர் ஒரு முழு நாளாவது கழித்துத்தான் பறக்கவேண்டும். கபினில் எந்தப் பழுதும் இல்லாமலே வருத்தம் வரக்கூடிய ஆட்களில் இவர்களும் சேர்த்தி. காலையில் சுழியோடிவிட்டு இரவு வானில் கட்டுநாயக்கவுக்குப் போகத் திட்டமிடும் தம்பிமார் இதைக் கவனிக்கவும்.

இதில் பாதியை அன்று போனில் பெரியம்மாவுக்குச் சொன்னேன். "ஓம் ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில், "சரி மனே, முதல்ல எனக்கு, மறுகா புள்ளைக்கு. விளங்கிற்று. அந்த மிக்சர் பக்கற் கதை மெய்யா?" என்றார். பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

தோஹாவில் இறங்கிய அன்றிரவு குரல் செய்தி வந்தது.

"மனே, வந்து சேந்திட்டன். மாஸ்க் ஒண்டும் விழல்ல. ஆனா நீ சொன்னாப் போல பக்கற் ஊதி நிண்டது கா. வெடிச்சாப் பக்கத்தில இருக்கிறவர் பயந்து போவாரெண்டு பிரிச்சு, அவருக்கும் குடுத்து, நானும் திண்டு முடிச்சிற்றன். புள்ளைக்கு இங்க வேற வாங்கிக் குடுக்கணும்."